அரிசி மாவுக்கு ஒரு மார்க்

குருவிநத்தம்,
10-6-2025

மதிப்பிற்குரிய மரியதாஸ் சார் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்களை நேரில் பார்த்ததில்லை. உங்கள் பெயரை மட்டும் ஒன்றரை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அறிவியல் கையேட்டின் அட்டையில். இப்போது என் விடைத்தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் உங்கள் கையெழுத்தையும் பார்த்தேன். பக்கத்தில் 34 என்று இருக்கிறது.

பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வில் எனக்குத் தமிழ் 71, ஆங்கிலம் 40, கணக்கு 52, சமூக அறிவியல் 66. அறிவியல்தான் 34. பாஸ் மார்க் 35 என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

திருத்தியவரை நேரில் பார்க்கக் கூடாது, போனில் பேசக் கூடாது, மறுப்பு இருந்தால் தபாலில் எழுதலாம் என்று உங்கள் தொடர்கல்வி மையத்தில் சொன்னார்கள். விடைத்தாளின் நகலையும் கொடுத்தார்கள். அதனால் எழுதுகிறேன்.

பகுதி ஆ, 14ஆம் கேள்வி. 'அரிசியை மாவாக அரைத்தல் இயற்பியல் மாற்றமா, வேதியியல் மாற்றமா?' நான் இயற்பியல் மாற்றம் என்று எழுதினேன். நீங்கள் குறுக்கே கோடு போட்டு 'வேதி' என்று திருத்தியிருக்கிறீர்கள். சார், அரைத்தால் அரிசி பொடியாகிறது, அவ்வளவுதான். மாவும் அரிசிதான். எந்த வீட்டு அடுப்படியில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

ஒரு மார்க்குக்கு இத்தனை அலட்டலா என்று நினைப்பீர்கள். எங்கள் தெருவில் இரண்டு தேவி. ஒருத்தி தையல் மெஷின் வைத்திருக்கிறாள், அவள் தையக்கார தேவி. நான் 2003இல் பத்தாவதில் அறிவியலில் தோற்றேன், அன்றிலிருந்து நான் ஃபெயிலு தேவி. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்ததால் அந்தப் பேரும் சீதனமாகக் கூடவே வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. உறைமேல் 'ஃபெயிலு தேவி வீடு' என்று எழுதியிருந்தது. எழுதினவன் என் சொந்தக் கொழுந்தன், எட்டாவதைத் தாண்டாதவன். திட்டுவதற்கும் வழியில்லை, ஏனென்றால் யாரும் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை. அவர்களுக்கு அது என் பேர்.

என் மகளைப் பள்ளிக்கூடத்தில் 'ஃபெயிலு தேவி பொண்ணு' என்று கூப்பிட்டார்களாம். அன்றைக்குத்தான் உங்கள் மையத்தில் பேர் கொடுத்தேன். இருபத்திரண்டு வருஷத்துப் பேரைக் கழற்றிப்போட எனக்கு ஒரு மார்க் வேண்டும். அது என்னுடைய மார்க் என்பதால்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஆ. தேவி (பதிவு எண் 41)


விடிவெள்ளித் தொடர்கல்வி மையம்,
வில்லியனூர்,
16-6-2025

திருமதி தேவி அவர்களுக்கு,

தங்களது 10-6-2025 தேதியிட்ட மறுப்புக் கடிதம் கிடைத்தது.

கையேட்டின் 23ஆம் பக்கத்தில் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கும் விதியைத் தாங்கள் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது. 'பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றம். திரும்பாவிட்டால் வேதியியல் மாற்றம்.' ஐஸ் உருகித் தண்ணீராகிறது, தண்ணீரை மறுபடி ஐஸாக்கலாம், ஆகவே இயற்பியல். விறகு எரிந்து சாம்பலாகிறது, சாம்பலை விறகாக்க முடியாது, ஆகவே வேதி. அரைத்த மாவைத் தாங்கள் மறுபடியும் அரிசி மணிகளாக ஆக்க முடியுமா? முடியாது. ஆகவே வேதி. ஒன்பது ஆண்டுகளாக இந்த விதியின்படிதான் வினாத்தாள் தயாரிக்கிறேன், இதுவரை எவரும் மறுத்ததில்லை.

தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. அக்டோபர் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். தங்கள் சொந்த விஷயங்கள் கேட்டு வருந்தினேன். ஆனால் மதிப்பெண் வருத்தத்துக்குப் போடுவதல்ல.

இப்படிக்கு,
சூ. மரியதாஸ்
அறிவியல் பாடப் பொறுப்பாளர்


குருவிநத்தம்,
24-6-2025

மரியதாஸ் சார் அவர்களுக்கு,

வருத்தத்துக்கு மார்க் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த வரியைப் படித்ததும் வந்த கோபத்தில் கடிதத்தை மூன்று நாள் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்நேரம் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

உங்கள் கட்டம் போட்ட விதி எனக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அரிசிக் கேள்வியில் மட்டும் கை கேட்கவில்லை, ஏனென்றால் தினமும் நான் தொடுகிற பொருள் அது. இப்போது உங்கள் விதியை வைத்துக்கொண்டே பேசுகிறேன். நெல்லை அறுத்தால் மறுபடி அடித்தாளோடு ஒட்ட முடியாது. அப்படியானால் எங்கள் ஊர் அறுவடை மெஷின் வேதியியல் வேலையா செய்கிறது? மண்குடம் கீழே விழுந்து உடைந்தால் குடமாக வராது. உடைந்த ஓடும் மண், குடமும் மண். இதில் வேதி எங்கே வந்தது?

அரிசியைப் போட்டுக் காய்ச்சினாலும் கஞ்சி, மாவைக் கரைத்துக் காய்ச்சினாலும் கஞ்சி. இரண்டும் ஒரே வாசனை, ஒரே ருசி. அந்த மாவில் அடை தட்டி, அடுப்பை மறந்துவிட்டு டீவி பார்த்தால் கருகிப்போகும். அது அரிசியும் இல்லை, மாவும் இல்லை, கரி. அதுதான் வேதி. என் வீட்டில் வாரம் ஒருநாள் நடக்கும், வேண்டுமானால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

இன்னொன்று. போன வாரம் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வகையறாவில் ஆரத்தி கரைப்பது எப்போதும் நான்தான். தட்டில் தண்ணீர் ஊற்றி மஞ்சள் போட்டேன். சுண்ணாம்பைக் கிள்ளிப் போட்டதும் குப்பென்று சிவந்தது. முப்பது கல்யாணத்துக்குக் கரைத்திருப்பேன், அன்றைக்குத்தான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் மஞ்சளாக இருக்கிறது, சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறது. சும்மா கலந்தால் வெளிர்மஞ்சள்தானே வர வேண்டும்? மஞ்சளில் அரிசி மாவைக் கலந்தால் அப்படித்தான் வருகிறது. இரண்டிலும் இல்லாத சிவப்பு எங்கிருந்து வந்தது? புதிதாக ஒரு பொருள் உண்டாகியிருக்கிறது. வேறு கணக்கு இல்லை.

மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்கிறார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் காசம்மாள் அக்கா, "இன்னாடி, ஆரத்தி எடுக்க வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா? வெயில்ல நிக்குதுங்க, எழுந்து வா" என்று அதட்டினாள்.

வீட்டுக்கு வந்து மறுபடி கரைத்து எலுமிச்சை பிழிந்தேன். பழையபடி மஞ்சள்! உங்கள் விதிப்படி திரும்பிவிட்டது, ஆகவே இயற்பியல். ஆனால் சார், ஐஸைத் திரும்பக் கொண்டுவர நீங்கள் எதையும் சேர்ப்பதில்லை, குளிரில் வைத்தால் போதும். இதற்கு எலுமிச்சை வேண்டியிருக்கிறது. மறுபடி சிவக்க வேண்டுமானால் புதுச் சுண்ணாம்பு வேண்டும். இது போன வழியே திரும்பி வருவதில்லை, இன்னொரு வேதி மாற்றம். திரும்புகிறதா என்று பார்ப்பது தப்புக் கேள்வி. புதுப்பொருள் உண்டானதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இத்துடன் வேட்டித் துணி ஒரு துண்டு, மஞ்சள் தோய்த்துக் காயவைத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மூலையில் சுண்ணாம்பு தடவியிருக்கிறேன், சிவந்திருக்கும். எலுமிச்சையை நீங்களே பிழிந்து பாருங்கள். பழம் தபாலில் நசுங்கும் என்று வைக்கவில்லை.

இப்படிக்கு,
ஆ. தேவி


வில்லியனூர்,
30-6-2025

திருமதி தேவி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மையத்தின் தாளில் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து உங்கள் துணியைச் சமையலறையில் விரித்தேன். எலுமிச்சை பிழிந்தேன், மஞ்சளானது. சுண்ணாம்பு தடவினேன், சிவந்தது. நான்கு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் புதிதாகச் சுண்ணாம்பும் எலுமிச்சையும் தேவைப்பட்டன. என் மனைவி செலின் மேரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருவத்தஞ்சு வருஷமா உங்க சட்டைல கொழம்புக் கறை சோப்பு பட்டா செவக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கேன். காதுல வாங்கினீங்களா? குருவிநத்தத்துலருந்து ஒரு பொம்பள எழுதினாதான் உங்களுக்கு ஏறுமா?"

நீங்கள் சொன்னது சரி. புதுப்பொருள் உண்டாவதுதான் அடையாளம். இது எனக்கும் தெரியும், கல்லூரியில் அப்படித்தான் படித்தேன். கையேடு எழுதும்போது, வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று 'திரும்பும், திரும்பாது' என ஒற்றை வரியாகச் சுருக்கினேன். வருஷம் போகப் போக அந்தச் சுருக்கத்தை நானே வேதவாக்காக நம்பிவிட்டேன். 14ஆம் கேள்விக்கு உங்கள் விடையே சரி.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் 17ஆம் கேள்வியை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 'ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்க்கச் சிவப்பது என்ன மாற்றம்?' எலுமிச்சை விட்டால் நிறம் திரும்பும் என்பதால் என் விடைக்குறிப்பில் 'இயற்பியல்' என்று வைத்திருந்தேன். ஊர் வழக்கத்திலிருந்து கேள்வி எடுத்தேன் என்று அப்போது பெருமைகூடப் பட்டேன். நீங்களும் 'இயற்பியல்' என்றே எழுதி ஒரு மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள்.

இரண்டு விடைகளையும் திருத்தினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். மறுபடியும் 34.

உங்கள் மறுப்பு 14ஆம் கேள்விக்கு மட்டுமே. 17ஐப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 14ஐ மட்டும் அச்சுப் பிழை என்று சொல்லி நானே திருத்தலாம், உங்களுக்கு 35. 17ஐயும் தொட்டால் என் விதியே தவறு என்றாகும். மையத்தின் தேர்வுக் குழுவின் முன் நின்று சொல்ல வேண்டும், கையேட்டைத் திரும்பப் பெற வேண்டும், பகுதி ஆ முழுவதையும் வெளியிலிருந்து ஒருவர் திருத்த வேண்டும். அறுபத்திரண்டு பேரில் நான்கு பேர் 17க்கு 'வேதி' என்று எழுதிப் பூஜ்யம் வாங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்களைப் போலவே 34. தேர்ச்சி அறிவிக்கப்பட்டவர்களுக்குக் குறைக்க மாட்டார்கள். தவறியவர்களுக்குக் கூடவும் செய்யும், குறையவும் செய்யும்.

17ஐ மறைத்தால் எனக்கும் சௌகரியம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் முடிவை நான் எடுப்பது சரியில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

மரியதாஸ்


குருவிநத்தம்,
4-7-2025

சார்,

14ஐ மட்டும் திருத்துங்கள். நான் கேட்டது அதைத்தான். மற்றவர்களுக்கு மறுப்பு இருந்தால் அவர்கள் எழுதட்டும், தபால் எல்லாருக்கும் பொது. 35 எனக்குப் போதும்.

தேவி


குருவிநத்தம்,
7-7-2025

சார்,

முந்தின கடிதம் உங்கள் கையில் இருக்கும். அதைக் கிழித்துப் போடுங்கள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்த அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், பொய் சொல்லவில்லை. அடுத்த நாள் என் வீட்டுக்காரர் ஆதிமூலத்திடம் 35 வரப்போகிறது என்று சொன்னேன். அவர் பம்புசெட்டுக்குப் போகிற வழியிலேயே நாலு பேரிடம் சொல்லிவிட்டார். நேற்று மடுகரையிலிருந்து மஞ்சுளா போன் பண்ணினாள். பாகூரில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பழக்கம், தேர்வுக்கும் ஒன்றாகத்தான் பஸ்ஸில் வந்தோம். அவளுக்கும் அறிவியலில் 34.

"இன்னா தேவி, அக்டோபருக்கு ஃபார்ம் வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

நான் மழுப்பினேன்.

"எனக்கு ஒண்ணு மட்டும் மனசு ஆறல. அந்த ஆரத்தி கேள்விக்கு வேதின்னுதான் எழுதினேன். ரெண்டுலயும் இல்லாத செவப்பு எங்கருந்து வந்துச்சுன்னு யோசிச்சேன்டி. தப்புன்னு போட்டுட்டாங்க. அரிசிக் கேள்விக்கு ஒண்ணும் புரியல, வுட்டுட்டேன். சரி வுடு, நமக்கு அவ்ளோதான் மண்டை."

சார், தேர்வு முடிந்து பஸ்ஸில் வரும்போது இதே பதிலை அவள் என்னிடம் சொன்னாள். "கையேட்டைப் படிக்காமயே வந்துட்டியா, கட்டம் கட்டிப் போட்டிருக்காங்களே" என்று பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நான் கல்யாண வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்ததாக உங்களுக்கு எழுதினேனே, அதை அவள் தேர்வு எழுதும்போதே கண்டுபிடித்திருக்கிறாள். முப்பது முறை ஆரத்தி கரைத்த நான், என் கண்ணை நம்பாமல் உங்கள் கட்டத்தை நம்பினேன். சரி போட்ட கேள்வியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை.

"உனக்கு நல்ல மண்டைதான்டி" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன்.

14க்கு நான் எழுதினது சரி, அதற்கு மார்க் கேட்டேன். 17க்கு எழுதினது தப்பு, அதன் மார்க்கை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி? 35 என்று தாள் வந்தாலும், அதில் ஒன்று மஞ்சுளாவுடையது என்று எனக்குத் தெரியும். ஊர் என்னைத் தேவி என்று கூப்பிட்டாலும் உள்ளுக்குள் நானே ஃபெயிலு தேவி என்று கூப்பிட்டுக்கொள்வேன். அதற்கு ஊர் கூப்பிடுவதே மேல்.

இரண்டையும் திருத்துங்கள். என் வீட்டுக்காரரிடம் காலையில் சொன்னேன். கொஞ்ச நேரம் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சொன்னவங்க கிட்டல்லாம் நான் இல்லன்னு சொல்லணுமா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, சொல்றேன்" என்று போய்விட்டார்.

நீங்களும் குழுவின் முன் நிற்க வேண்டியிருக்கும். அதற்கு வருந்துகிறேன், ஆனால் வருத்தத்துக்காக விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

தேவி


வில்லியனூர்,
19-7-2025

அன்புள்ள தேவி அவர்களுக்கு,

உங்கள் 4ஆம் தேதிக் கடிதம் வந்தபோது 14ஐ மட்டும் திருத்தி ஒரு குறிப்பு எழுதினேன். கையெழுத்துப் போடக் கை வரவில்லை. மேசையிலேயே கிடந்தது. இரண்டு நாள் கழித்து அடுத்தது வந்தது. படித்துவிட்டு என் குறிப்பைக் கிழித்தேன். என்னைவிட நீங்கள் துணிச்சல்காரர் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நேற்று குழு கூடியது. தலைவர் இன்னாசிமுத்து ஐயா பெரிய கண்டிப்புக்காரர். "ஒம்பது வருஷம் கழிச்சு இன்னா மரியதாஸ் திடீர்னு?" என்று கேட்டார். விளக்கிப் பேசினால் குழறிவிடுவேன் என்று தெரியும். அதனால் பையிலிருந்து சொம்பு, மஞ்சள்தூள், சுண்ணாம்பு, எலுமிச்சை எல்லாவற்றையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நீரைச் சிவக்கவைத்தேன், பிறகு மஞ்சளாக்கினேன். "இது திரும்பியது, ஆனாலும் வேதி" என்றேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்தேன். "இது திரும்பாது, ஆனாலும் காகிதம்தான், இயற்பியல். நான் எழுதிய விதி தவறு. கண்டுபிடித்தவர் பதிவு எண் 41" என்றேன். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கையேட்டைத் திரும்பப் பெறுகிறோம். 23ஆம் பக்கத்தை மாற்றி எழுதும் பொறுப்பு என்னுடையது. பகுதி ஆ முழுவதையும் காரைக்காலிலிருந்து ஓர் ஆசிரியை திருத்துவார். பெயர் பார்த்துத் திருத்துவதில்லை, எண் மட்டும்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். உங்கள் தாளை அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுவதும் படித்தேன். 22ஆம் கேள்வி, கரும்புச் சாறு வெல்லமாவது பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்வி. நீங்கள் 'இரண்டும்' என்று ஆரம்பித்திருந்தீர்கள். விடை தெரியாதவர்கள் இரண்டு பக்கமும் கால் வைப்பார்கள் என்று நினைத்து, அடுத்து வந்த வரிகளைச் சரியாகப் படிக்காமல் இரண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இப்போது அதில் கை வைக்கும் உரிமை எனக்கில்லை. காரைக்கால் ஆசிரியை எப்படிப் பார்ப்பாரோ தெரியாது. ஆகவே 34 என்றே மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள். நம்பிக்கை கொடுத்து ஏமாற்ற விரும்பவில்லை.

மரியதாஸ்


வில்லியனூர்,
5-8-2025

தேவி,

மையத்தின் முறையான கடிதம் இரண்டு நாளில் வரும். அதுவரை பொறுக்க முடியவில்லை, அதனால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

14ஆம் கேள்விக்கு ஒன்று கூடியது. 17ஆம் கேள்விக்கு ஒன்று குறைந்தது. 22ஆம் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. மொத்தம் 37.

தேறிவிட்டீர்கள்!

நீங்கள் எழுதியதை அந்த ஆசிரியை அடிக்கோடிட்டிருக்கிறார். 'இரண்டும். முதலில் சாற்றில் இருக்கும் தண்ணீர் ஆவியாகிறது, அது இயற்பியல். பாகு சிவந்து வாசனை மாறும்போது முன்னே இல்லாத பொருள் உண்டாகிறது, அது வேதி. ஒன்று நடக்கும்போதே இன்னொன்று தொடங்கிவிடும். எப்போது என்று கொப்பரை பக்கத்தில் நிற்பவருக்கு மூக்கு சொல்லும்.' இதன் பக்கத்தில் அவர் எழுதியது: 'கையேட்டைவிட இந்த விடை தெளிவாக இருக்கிறது.' குழுவில் இன்னாசிமுத்து ஐயா இதைச் சத்தமாகப் படித்தார். கையேட்டை எழுதியவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறானே என்ற தயவு அவருக்கு இல்லை. ஆனால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நிஜமாகவே.

14ஐ மட்டும் திருத்தச் சொன்னதோடு நீங்கள் விட்டிருந்தால் 22ஐ யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். இது உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

உங்களோடு சேர்த்து ஆறு பேர் தேறியிருக்கிறார்கள். பெயர் சொல்லக் கூடாது. மடுகரைக்கும் இன்று ஒரு தபால் போகிறது என்று மட்டும் சொல்லலாம்.

செலின் மேரி உங்களை ஒருநாள் சாப்பிட வரச் சொல்கிறாள். திருத்துகிற வேலை முடிந்துவிட்டது, இனி நேரில் பார்க்கத் தடையில்லை. மஞ்சளும் சுண்ணாம்பும் இல்லாமல் சும்மா வந்தால் போதும் என்கிறாள்.

வாழ்த்துகளோடு,
மரியதாஸ்


குருவிநத்தம்,
10-8-2025

அன்புள்ள மரியதாஸ் சாருக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் பாக்யராஜ் கொடுத்தபோது நான் தெருக்குழாயில் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கேயே பிரித்தேன். 37 என்ற எண்ணைப் பார்த்தேன், பிறகு ஒன்றும் தெரியவில்லை. குடம் நிரம்பி வழிகிறது என்று யாரோ கத்தினார்கள். காசம்மாள் அக்கா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தையக்கார தேவியிடம் கொடுத்து, "சத்தமா படிடி" என்றாள். அவள் முழுக் கடிதத்தையும் படித்தாள், நிறுத்தி நிறுத்தி, கோயிலில் படிக்கிற மாதிரி. கொப்பரை, மூக்கு என்று வந்த இடத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். வரிசையே கலைந்து போனது, அன்றைக்கு யாரும் சண்டை போடவில்லை.

நான் அழுதேன் சார்.

மஞ்சுளாவுக்கு 35. போன் பண்ணி முதல் வார்த்தையே, "எவளோ ஒருத்தி மறுப்பு எழுதினாளாம், அவ நல்லா இருக்கணும்" என்றாள். "நான்தான்டி அது" என்றேன். பிறகு 4ஆம் தேதி எழுதின கடிதத்தையும் சொல்லிவிட்டேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. "ரெண்டு நாள்தானே கெட்டுப்போயிருந்த, பரவால்ல" என்றாள். அன்று பஸ்ஸில் சிரித்ததற்கும் அப்போதே சேர்த்துத் திட்டு வாங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. யாரிடமெல்லாம் இல்லை என்று சொன்னாரோ அவர்களை ஒருவர் விடாமல் தேடிப்போய்ச் சொன்னார். கொழுந்தன் வந்து வாசலில் நின்றான். "அண்ணி, இனிமே பத்திரிகைல இன்னான்னு எழுதறது?" என்று கேட்டான். "ஆ. தேவின்னு எழுது. இனிஷியலை விட்டுடாதே" என்றேன். இதற்குள் தெருப் பிள்ளைகள் 'முப்பத்தேழு தேவி' என்று ஆரம்பித்துவிட்டார்கள். கூப்பிடட்டும், அது நான் சம்பாதித்த எண். என் மகள் பள்ளிக்கூடத்தில், "எங்கம்மா புத்தகத்தையே மாத்துனவங்க" என்று சொல்லியிருக்கிறாள். அது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் நான் திருத்தவில்லை.

செலின் மேரி அக்காவிடம் வருகிறேன் என்று சொல்லுங்கள். மஞ்சுளாவும் வருகிறாள். அவள் உங்களிடம் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள், இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி. தயாராக இருங்கள்.

இன்றைக்குக் காலையில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விண்ணப்பம் நிரப்பினேன். எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்குமே, 'கல்வித் தகுதி' என்று. ரேஷன் கார்டுக்கும் வங்கிக்கும் மகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும் அதைக் காலியாக விட்டே எனக்குப் பழக்கம். இன்று நிரப்பினேன். பேனாவை எவ்வளவு அழுத்தினேன் என்று எனக்கே தெரியவில்லை, அடியில் வைத்திருந்த தாளிலும் எழுத்து பதிந்துவிட்டது.

அந்தத் தாளில்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த வரிக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள் சார். 'பத்தாம் வகுப்பு, தேர்ச்சி' என்று இருக்கும்.

இப்படிக்கு,
ஆ. தேவி